ஸ்டிங்க் பக் தொல்லை: வீட்டையும் தோட்டத்தையும் காப்பது எப்படி?

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பூச்சியை அறிமுகப்படுத்தவே வேண்டாம். செப்டம்பர் பிற்பாதியில் வெயில் படும் சுவரில் கூட்டமாக வந்து உட்காரும். செடியின் சாற்றை உறிஞ்சும் கிழக்காசிய நாவாய்ப்பூச்சி இது. அமெரிக்காவில் முதலில் பிடிபட்டது 1998இல், பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில். 2010இல் கிழக்கு மாநில ஆப்பிள் விவசாயிகளுக்கு மட்டும் சுமார் 3.7 கோடி டாலர் நஷ்டம். வீட்டுக்குள் அது கடிக்காது, முட்டையும் இடாது. குளிருக்கு ஒதுங்கத்தான் வருகிறது.

படி 1: அடையாளம் பாருங்கள். கேடயம் போன்ற பழுப்பு உடம்பு, உணர்கொம்பில் வெள்ளைப் பட்டை, வயிற்றோரத்தில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி இருக்கும்.

படி 2: செப்டம்பருக்கு முன்பே அடைத்துவிடுங்கள். முக்கால்வாசி வேலை இதுதான். ஜன்னல் ஓர இடுக்குகள், குழாயும் ஒயரும் சுவருக்குள் போகும் ஓட்டைகள் எல்லாவற்றிலும் கால்க் (இடுக்கை அடைக்கும் பசை) பூசுங்கள். கிழிந்த வலையை மாற்றுங்கள். ஜன்னல் ஏசியைக் கழற்றி வையுங்கள். வாசல் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் பூச்சிக்கும் அது வழிதான்.

படி 3: உள்ளே வந்ததை நசுக்காதீர்கள். பச்சைக் கொத்தமல்லியைக் கசக்கியது மாதிரி ஒரு வாடை வரும். ரசத்துக்குச் சரி, படுக்கையறைக்கு ஆகாது. ஒரு டப்பாவில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து பூச்சிக்கு நேர் கீழே பிடித்து, மேலிருந்து ஒரு அட்டையால் தொடுங்கள். பயந்தால் அது பெரும்பாலும் பிடியை விட்டுக் கீழே விழும், நேராகச் சோப்புத் தண்ணீரில்.

நிறைய இருந்தால், அகலமான அலுமினியத் தட்டில் அதே தண்ணீரை ஊற்றி, இருட்டறையில் தட்டின் மேல் ஒரு விளக்கை எரியவிடுங்கள். கடையில் விற்கும் பொறிகளைவிட இது மேல் என்று விர்ஜினியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்களே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துப் புகை மட்டும் வேண்டாம். சுவருக்குள் செத்துக் கிடக்கும் பூச்சிகளைத் தின்ன கார்பெட் வண்டு வரும். அதன் புழு கம்பளியையும் பட்டுப் புடவையையும் விட்டுவைக்காது!

படி 4: தோட்டம். தக்காளித் தோலுக்கடியில் வெளிறிய, பஞ்சு போன்ற திட்டு இருந்தால் இது உறிஞ்சிய இடமாக இருக்கலாம், வெட்டிவிட்டுச் சமைக்கலாம். காலையில் அவரை, மிளகாய் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சை முட்டைகள், ஏறக்குறைய 28, ஒட்டினாற்போல இருக்கும். இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். முட்டை கறுத்திருந்தால் தொடாதீர்கள்: உள்ளே சாமுராய் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம். இந்தப் பூச்சிக்கு அதன் சொந்த ஊர் எதிரி அது. 2014இல் மேரிலாந்தில் தானாகவே வந்திருப்பது தெரிந்தது.