ஒரே ரீடர், நான்கு டிரைவ்: எந்தக் கார்டு எது?

பாம்பனில் நான் நடத்தும் சர்வீஸ் கடைக்குப் படகுக்காரர்கள் ஜிபிஎஸ் கருவியின் மெமரி கார்டைக் கொண்டுவருவார்கள். கடலுக்கடியில் எங்கே பார் (பாறைத்திட்டு) இருக்கிறது, எங்கே வலை மாட்டும் என்று வருஷக்கணக்கில் குறித்துவைத்த புள்ளிகள் அதில் இருக்கும். காலிக் கார்டு என்று நினைத்து அதை ஃபார்மட் செய்துவிட்டால் போச்சு. அதனால் கார்டு இருக்கும் துளையின் எண்ணைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

நான்கு துளை கார்டு ரீடரைச் சொருகினாலும் யூஎஸ்பியில் அது ஒரே சாதனம்தான். அதற்குள் ஒவ்வொரு டிரைவுக்கும் உள்ள எண்தான் லன். உன்னிடம் கடைசி லன் எண் என்ன என்று கணினி முதலில் கேட்கும். எண் 0-வில் தொடங்குவதால், துளைக்கு ஒரு லன் உள்ள ரீடர் 3 என்று சொல்லும். 15 வரை சொல்ல இடம் உண்டு. அப்புறம் போகும் ஒவ்வொரு கட்டளையும் 31 பைட் தலைப்போடு போகும். எந்த லன்னுக்கு என்பது அதிலேயே இருக்கும். சில ரீடர்களில் எஸ்டி, மைக்ரோ எஸ்டி இரண்டு துளைக்கும் சேர்த்து ஒரே லன்தான். அதில் இரண்டையும் ஒன்றாகப் போட வேண்டாம்.

லினக்ஸ் டெர்மினலில் எல்-எஸ்-எஸ்-சி-எஸ்-ஐ என்ற கட்டளையை ஒரே சொல்லாகத் தட்டுங்கள். 6:0:0:0, 6:0:0:1 என்று வரிசையாக வரும். கடைசி எண்தான் லன். முதல் எண் கழற்றி மாட்டினால் மாறும். டிரைவுகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களும் மாறலாம், அவற்றை நம்பி எழுதாதீர்கள். டெவ்வுக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி கோப்புறையில் ரீடரின் பெயர் 0:0, 0:1 என்று முடியும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்துவைத்து கார்டை உருவுங்கள். எந்த வரி 'நோ மீடியா' ஆகிறதோ அதுதான் அந்தத் துளை. சந்தேகம் இருந்தால் மற்ற கார்டுகளை எடுத்துவிடுங்கள்.

லன் எண் துளைக்கு உரியது, கார்டுக்கு அல்ல. மார்க்கரால் ரீடர் மேலேயே எழுதிவைத்துவிடலாம்.

கார்டு உள்ளே இருந்தும் 'நோ மீடியா' வந்தால் முதலில் கார்டின் தங்க நிறப் பட்டைகளைப் பாருங்கள். நம்ம உப்புக்காற்றுக்கு அதில் பச்சை படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள்.