அரசிடம் கணக்குக் கேட்பது எப்படி: காலநிலை, எரிபொருள் வறுமை, சிறு வணிகம்

காலநிலை மாற்றம், எரிபொருள் வறுமை (வீட்டைப் போதிய வெப்பத்தில் வைத்திருக்கக் குடும்பங்களுக்கு இயலாத நிலை), சிறு வணிகங்கள் ஆகிய மூன்றைப் பற்றியும் பிரித்தானிய அரசு பல கடப்பாடுகளை எழுத்தில் ஏற்றிருக்கிறது. அவற்றுள் சில சட்டமாகவே நிற்கின்றன. ஆகவே கணக்குக் கேட்க விரும்புகிறவர், தம் கருத்தைச் சொல்லத் தொடங்கும் முன், அரசு தானே எழுதிவைத்ததைத் தேடி எடுக்க வேண்டும். “நீங்கள் போதிய அளவு செய்யவில்லை” என்ற குற்றச்சாட்டுக்கு எந்த அமைச்சரும் ஒரு பக்கப் பதில் எழுதிவிடுவார். “இன்ன சட்டத்தின்படி இன்ன தேதிக்குள் இதை முடிக்க வேண்டும், இதுவரை எவ்வளவு முடிந்திருக்கிறது?” என்ற கேள்வியிலிருந்து நழுவுவது அவ்வளவு எளிதல்ல.

கேட்கும் உரிமை யாருக்கு என்ற தயக்கம் நம்மவர் பலரிடம் இருக்கிறது. ஒரு தொகுதியில் வசிக்கும் எவரும், குடியுரிமை எதுவாயினும், அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரை அணுகலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், முறையான அனுமதியுடன் இங்கே வசித்தால், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் பதிவு செய்துகொள்ளலாம். தகவல் கேட்டு விண்ணப்பிப்பதற்கோ குடியுரிமையும் வசிப்பிடமும் தடையே இல்லை.

காலநிலையில் பிடிமானம் 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டம். 2050க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்க வேண்டும் (வெளியிடும் பசுங்குடில் வாயுக்களின் அளவும் அகற்றப்படும் அளவும் சமமாக வேண்டும்) என்ற இலக்கு 2019இல் அதில் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலம் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உமிழ்வு வரம்பு விதிக்கப்படுகிறது. சுயாதீனமான காலநிலை மாற்றக் குழு ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் முன்னேற்ற அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அரசு அக்டோபர் 15க்குள் அதற்குப் பதில் தர வேண்டும். இவ்விரு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் கட்டடங்களைப் பற்றிய ஒரு பரிந்துரையை எடுத்து, அரசின் பதிலில் அதற்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டாலே உங்கள் முதல் கேள்வி கிடைத்துவிடும்.

எரிபொருள் வறுமையில் முதலில் கவனிக்க வேண்டியது எண்ணும் முறையை. இங்கிலாந்தில் ஒரு குடும்பம் இக்கணக்கில் சேர இரண்டு நிபந்தனைகள் உண்டு: வீட்டின் எரிசக்தித் திறன், ஏ (மிகச் சிறந்தது) முதல் ஜி (மிகக் குறைந்தது) வரையான வரிசையில், டி அல்லது அதற்குக் கீழான தரத்தில் இருக்க வேண்டும், வீட்டுச் செலவும் எரிசக்திச் செலவும் போக மிஞ்சும் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது சி தரம் பெற்ற வீட்டில் கட்டணம் செலுத்த முடியாமல் குளிரில் இருக்கும் குடும்பம் இந்தக் கணக்கில் வராது. ஸ்காட்லாந்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, வீட்டுச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எரிசக்திக்குத் தேவைப்படுவதை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே அமைச்சர் ஒருவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சொன்னால், எந்த வரையறையின்படி குறைந்தது என்று கேளுங்கள். அரசின் ஆண்டுப் புள்ளிவிவரங்களிலேயே 10 சதவீத அளவுகோலின்படியான எண்ணிக்கையும் வெளிவருகிறது. அது அதிகாரபூர்வ எண்ணிக்கையைவிட மிகப் பெரியது. இங்கிலாந்துக்கான சட்டபூர்வ இலக்கு, எரிபொருள் வறுமையிலுள்ள வீடுகளில் நியாயமாக இயன்ற அளவுக்கு அதிகமானவற்றை 2030 இறுதிக்குள் சி தரத்துக்கு உயர்த்துவது. அந்த “நியாயமாக இயன்ற அளவு” என்ற சொற்றொடருக்குள்தான் பொறுப்பு ஒளிந்துகொள்ளும். இயன்ற அளவு எதுவென்று யார், எந்த ஆவணத்தில் முடிவு செய்தார்கள் என்று கேட்பது, என் பார்வையில், இத்துறையில் கேட்கத்தக்க மிகச் சிறந்த கேள்வி.

சிறு வணிகத்தின் நிலை வேறு. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் கட்டண உச்சவரம்பு வீடுகளுக்கு மட்டுமே உரியது. கடைக்கும் சிற்றுணவகத்துக்கும் முடிதிருத்தகத்துக்கும் அந்தக் காப்பு இல்லை. 2022 அக்டோபரில் வணிகங்களுக்கென வந்த கட்டண நிவாரணமும், அதைத் தொடர்ந்து வந்த சிறிய தள்ளுபடியும் 2024 மார்ச்சுடன் முடிந்துவிட்டன. அரசு தானே வாடிக்கையாளராக இருக்கும் இடத்திலும் கேட்க ஒன்று உண்டு: பொதுத்துறை அமைப்புகள் மறுப்பில்லாத விலைப்பட்டியல்களுக்கு 30 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும், அமைச்சகங்கள் தங்கள் செயல்பாட்டைக் காலாண்டுதோறும் வெளியிடுகின்றன.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பது. தவறான கதவைத் தட்டினால் உங்கள் கடிதம் மாதக்கணக்கில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். காலநிலை இலக்குகளும் எரிபொருள் வறுமையும் 2023இல் உருவான எரிசக்திப் பாதுகாப்பு மற்றும் நிகரச் சுழிய அமைச்சகத்தின் பொறுப்பு. சிறு வணிகம் வணிக வர்த்தக அமைச்சகத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் பணம் ஒதுக்குவது நிதி அமைச்சகம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் எரிபொருள் வறுமைக்கான இலக்கும் திட்டங்களும் அந்தந்த அரசுகளின் கையில் உள்ளன.

நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் சேருங்கள். அவை இல்லாத கடிதம் தொகுதிவாசியின் கடிதமாகக் கருதப்படாமல் போகலாம். கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். உங்கள் வீட்டிலோ கடையிலோ நடப்பதை இரண்டு மூன்று வரிகளில் சொல்லுங்கள். அரசு ஏற்ற கடப்பாட்டைத் தேதியுடன் குறிப்பிடுங்கள். பிறகு அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலைக் கேளுங்கள். “இதில் ஆவன செய்யுங்கள்” என்பதைக் காட்டிலும் “பின்வரும் கேள்வியை அமைச்சரிடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்” என்பது பன்மடங்கு பயனுள்ளது. எழுத்துமூலக் கேள்விக்கான அமைச்சரின் பதில் நாடாளுமன்றப் பதிவில் ஏறிவிடும். பின்னர் எவரும் அதை மேற்கோள் காட்டலாம். கேள்வி இப்படி அமையலாம்: “எரிபொருள் வறுமையிலுள்ள வீடுகளை 2030க்குள் சி தரத்துக்கு உயர்த்தும் சட்டபூர்வ இலக்கில், கடந்த நிதியாண்டில் இந்தத் தொகுதியில் எத்தனை வீடுகள் அரசுத் திட்டங்களின் மூலம் அத்தரத்தை எட்டின?” எண்ணிக்கை தங்களிடம் இல்லை என்று பதில் வந்தாலும் அதுவும் ஒரு சான்றே, அளக்காத இலக்கை எப்படி எட்டுவீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு அது வழி திறக்கிறது.

தகவல் கேட்கும் உரிமையை நம்மில் பலர் பாதியளவே பயன்படுத்துகிறோம். 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தைப் பலர் அறிவார்கள். 2004ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தகவல் விதிகளை அறிந்தவர் குறைவு. எரிசக்தி, உமிழ்வு ஆகியவற்றைப் பாதிக்கும் கொள்கைகளும் செயல்களும் பொதுவாக இந்த விதிகளின் கீழ் வரும். வெளியிடுவதே இயல்பு என்ற அனுமானத்துடன்தான் அதிகாரிகள் முடிவெடுக்க வேண்டும். பதில் 20 வேலைநாட்களுக்குள் வர வேண்டும். சிக்கலான, பெரிய கோரிக்கையென்றால் 40 வரை நீட்டிக்கலாம். எந்தச் சட்டம் பொருந்தும் என்று தெரியாவிட்டால் இரண்டின் பெயரையும் எழுதிவிடுங்கள். மறுப்பு வந்தால் முதலில் அதே அமைப்பிடம் உள்மறுஆய்வு கேட்டு, அதிலும் நிறைவில்லையென்றால் தகவல் ஆணையரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இந்த உரிமை கூர்மையாகப் பயன்படக்கூடிய ஓர் இடம் உண்டு; மூன்று விஷயங்களும் அங்கே ஒன்றுசேர்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், விலக்குப் பெற்றவை நீங்கலாக, ஈ தரத்துக்குக் கீழான வீட்டை 2020 ஏப்ரல் முதலும், அத்தகைய வணிகக் கட்டடத்தை 2023 ஏப்ரல் முதலும் தொடர்ந்து வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பானது. இதை நடைமுறைப்படுத்துவது உள்ளூராட்சியின் பொறுப்பு. வெப்பம் கசியும் சுவர்களுக்கு நடுவே குடியிருக்கும் குடும்பமும், அதே தெருவில் வாடகைக் கடையில் கட்டணத்தோடு போராடும் வணிகரும், வீணாகும் வெப்பத்தால் கூடும் உமிழ்வும் ஒரே விதியின் கீழ் வருகின்றன. உங்கள் கவுன்சிலிடம் கேளுங்கள்: ஒவ்வோர் ஆண்டும் இந்த விதியின் கீழ் எத்தனை கட்டடங்கள் சோதிக்கப்பட்டன, எத்தனை அறிவிப்புகள் அனுப்பப்பட்டன, எத்தனை அபராதங்கள் விதிக்கப்பட்டன, இதற்கு எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள்? வீட்டுக்கும் வணிகக் கட்டடத்துக்கும் தனித்தனி எண் கேளுங்கள். கிடைத்த பதிலை உங்கள் கவுன்சிலருக்கும், உள்ளூர்ப் பத்திரிகைக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். கவுன்சில் தன்னிடம் ஆளில்லை என்று சொன்னால், விதியைப் போட்ட அமைச்சகம் அதை நிறைவேற்ற எவ்வளவு நிதி தந்தது என்ற கேள்வி அதோடு சேர்ந்து மேலே போக வேண்டும்.

அமைச்சகங்களின் பணியை ஆராயும் நாடாளுமன்றத் தெரிவுக்குழுக்கள் விசாரணை தொடங்கும்போது எவரும் எழுத்துமூலச் சான்று அனுப்பலாம். எரிசக்திக் குழு, சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு, வணிகக் குழு ஆகியவற்றின் அழைப்புகளை அவ்வப்போது பாருங்கள். பெரிய நிறுவனங்களின் சான்று அவர்களுக்கு ஏராளமாகக் கிடைக்கிறது. மூன்று ஆண்டு மின்கட்டண விவரத்துடன் ஒரு சிறு கடைக்காரர் எழுதும் சான்று அரிது. அனுப்பும் முன் அதை வேறெங்கும் வெளியிட வேண்டாம். பெயரை மறைக்க வேண்டுமானால் முன்கூட்டியே குழுவிடம் கேளுங்கள்.

இணைய மனுக்கள் இறுதியில் வரட்டும். 10,000 கையெழுத்துக்கு அரசின் பதிலும், 100,000 கையெழுத்து சேர்ந்தால் விவாதத்துக்கான பரிசீலனையும் கிடைக்கும். கவனத்தை ஈர்க்க அது உதவும். விவரம் பெற உதவாது.

நீதிமன்றம் எளிய வழியல்ல, ஆயினும் மூடிய வழியுமல்ல. அரசின் நிகரச் சுழியத் திட்டம் 2022 ஜூலையிலும், அதற்கு மாற்றாக வந்த திட்டம் 2024 மே மாதத்திலும் உயர்நீதிமன்றத்தில் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பாயின. சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்குகள் அவை. இரண்டாவது வழக்கில், எல்லாத் திட்டங்களும் முழுமையாக நிறைவேறும் என்று கருதி அமைச்சர் முடிவெடுத்ததற்குச் சான்று போதவில்லை என்பது முக்கியக் காரணம். நீதித்துறை மறுஆய்வு (அரசின் முடிவு சட்டப்படியானதா என்று நீதிமன்றம் ஆராய்வது) கோருபவர் தாமதமின்றி, பொதுவாக முடிவு வெளியான மூன்று மாதத்துக்குள் மனுச் செய்தாக வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளில், தோற்றால் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டிய செலவுக்குத் தனிநபருக்கு இயல்பாக 5,000 பவுண்டு வரம்பு உண்டு. எனவே அமைச்சகம் அனுப்பும் ஒவ்வொரு பதிலையும் அதன் தேதியோடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்; வழக்கறிஞரிடம் போகும் நாள் வந்தால் அவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பையே.