ஜாமீன் ஆர்டர் வெள்ளிக்கிழமை, ஆள் வெளியே வந்தது புதன்கிழமை

போன குறுவையில் மடை திறக்கிற தகராறில் மண்வெட்டிக் காம்பு ஒருவர் மண்டையில் பட்டு எட்டுத் தையல், என் சித்தப்பா மகன் உள்ளே போய்விட்டான். அவனை ஜாமீனில் எடுக்க அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வக்கீல் பார்ப்பது, வக்காலத்து எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். வசதி இல்லையென்றால் 15100-க்கு போன் போடுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் வைத்துத் தரும்.

முதலில் எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு என்று பாருங்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் உரிமை, ஸ்டேஷனிலேயே கேட்கலாம். மற்றதற்கு நடுவர் கோர்ட், அங்கே தள்ளுபடி ஆனால் செஷன்ஸ், அப்புறம் ஹைகோர்ட். 2024 ஜூலை 1-லிருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம், ஜாமீனுக்கான பழைய 437, 439 பிரிவுகள் இப்போது 480, 483. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் குழம்பாதீர்கள். நம் பக்கத்தில் இன்னொரு கூத்து: ஹைகோர்ட் என்றால் கும்பகோணத்து வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும், கூப்பிடு தூரத்து மயிலாடுதுறை வழக்கு சென்னைக்குப் போகும். திருவாரூர், நாகையும் சென்னைதான்.

அடுத்து ஜாமீன் மனு மீதான விசாரணை. அடித்தானா இல்லையா என்று நீதிபதி இப்போது தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தலைமறைவாகிவிடுவானா, சாட்சியை மிரட்டுவானா, பழைய வழக்கு இருக்கிறதா, குற்றம் எவ்வளவு பெரிது, போலீஸ் விசாரணை எந்த அளவில் நிற்கிறது, இதைத்தான் பார்ப்பார். எங்கள் வக்கீல் பத்து நிமிடம் பேசத் தயாராகப் போனார், நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: "காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிட்டாரா?" இன்னும் ஜி.எச்.சில் இருக்கிறார் என்றார் அரசு வக்கீல், அன்றைக்கு வாய்தா. டிஸ்சார்ஜ் ஆனபிறகு இரண்டே நிமிடத்தில் ஆர்டர். அதனால் மனு போடும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களே பழத்தோடு பார்க்கப் போய்விடாதீர்கள், சாட்சியை மிரட்டினார்கள் என்று எழுதிவிடுவார்கள்.

இனிதான் நான் விழுந்த குழி. ஆர்டர் வந்தால் ஆள் வந்துவிடுவான் என்று நினைத்தேன். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர் என்று இருந்தது. பெரியப்பா ஐந்து ஏக்கர் சாகுபடிக்காரர், ஆனால் அத்தனையும் மடத்து நிலம், கையில் இருப்பது குத்தகை ரசீது மட்டும். கோர்ட்டில் எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவிடம் பட்டா இருந்தது, கூட்டுப் பட்டா, ஐந்து பேர் பெயர், அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. சனி, ஞாயிறு போச்சு, திங்கள் வி.ஏ.ஓ. வாசலில் போச்சு. செவ்வாய்க்கிழமை தனிப்பட்டா உள்ள இருவரைப் பிடித்து, பத்திரம் எழுதி, ஆர்டர் சிறைக்குப் போவதற்குள் மாலை அடைத்துவிட்டார்கள். ஆகவே மனு போடும் அன்றே சிட்டா நகலை ஆன்லைனில் எடுத்து, பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஜாமீன்தாரரின் சொத்து வெளிமாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காகத் தட்ட முடியாது. மோதிராம் என்ற கொத்தனார் வழக்கில் 1978-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் சொல்லிவிட்டார். ஜாமீன்தாரரே கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம்.

வாய்தா தேதிக்கு குமாஸ்தாவைத் துரத்த வேண்டாம், இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். எண்ணை (வழக்குக்கென்று தரும் தனி எண்) போட்டால் போதும். எனக்கு அதுதான் பிடித்தது, அது டீக்காசு கேட்காது.

பின்சேர்க்கை: 60 நாளில் தானாக விட்டுவிடுவார்களாமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தானாக எதுவும் நடக்காது. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வரும் (மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ என்றால் 90). கைதான நாளிலிருந்து எண்ணாதீர்கள், ரிமாண்ட் ஆன, அதாவது காவலில் வைக்க நடுவர் உத்தரவு போட்ட நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து. 61-ஆம் நாள் காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போயிருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைப் போட்டுவிட்டால் அந்த உரிமை போச்சு.