வார்ம்ஹோலுக்குள் போகும் முன்: ஈவ் ஆன்லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளிக் கப்பல்களை ஓட்டும் இணைய விளையாட்டான ஈவ் ஆன்லைனில் வார்ம்ஹோல் வெளி திறந்தது 2009 மார்ச்சில், அபோக்ரிஃபா விரிவாக்கத்தோடு. சுமார் 2,500 சிஸ்டங்கள், அதாவது நட்சத்திர மண்டலங்கள். ஒன்றில்கூட, அடுத்த சிஸ்டத்துக்குத் தாண்ட உதவும் நிலையான ஸ்டார்கேட் கிடையாது. பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் இல்லை, ஜே என்ற எழுத்தும் ஆறு இலக்கங்களும்தான். உள்ளே போக, ஸ்கேன் செய்து ஒரு வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வார்ம்ஹோல். அந்த வாசலுக்கு ஆயுள் உண்டு, எடை வரம்பும் உண்டு. இரண்டில் எது தீர்ந்தாலும் மூடிவிடும். முதல் தடவை கிளம்புகிறவர்கள் எந்த ஆயுதம், எந்தக் கவசம், உள்ளே எவ்வளவு சம்பாதிக்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். திரும்பி வருவது எப்படி என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் கேட்டுவிட்டால் மற்ற ஏற்பாடுகளில் பாதி தானாகவே சரியாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கேள்வியைக் கேட்காததன் முதல் அடையாளம், வாசலைத் தேடும் ப்ரோப்களை ஏவும் ப்ரோப் லாஞ்சர் இல்லாத கப்பல். சண்டைக் கப்பலில் அதைப் பொருத்தினால் ஒரு ஆயுதம் குறையுமே என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் செய்யத்தான் ஒருவர் இருக்கிறாரே என்ற நம்பிக்கை வேறு. அவர் கப்பல் வெடித்தாலோ, அவருடைய இணைய இணைப்பு அறுந்தாலோ குழுவில் யாருக்கும் வழி தெரியாது. இத்தனைக்கும் வெளியே வர வழி எப்போதும் இருக்கும். ஒவ்வொரு வார்ம்ஹோல் சிஸ்டத்துக்கும் குறைந்தது ஒரு ஸ்டாடிக் வாசல் உண்டு. அது மூடினால் அதே வகையில் இன்னொன்று வேறு இடத்தில் திறக்கும். ஆனால் அதைத் தேடிப் பிடிக்க ப்ரோப் வேண்டும். கப்பலில் இடமே இல்லையென்றால் ஒரு கோர் ப்ரோப் லாஞ்சர், 8 ப்ரோப், ஒரு மொபைல் டெப்போ மூன்றையும் சரக்கறையில் போட்டுக்கொள்ளுங்கள். டெப்போவுக்கு 50 கன மீட்டர் இடம் போதும், ஒரு நிமிடத்தில் விரியும், அதை வைத்து விண்வெளியிலேயே கருவிகளை மாற்றிக்கொள்ளலாம். கிளம்பும் முன் நிலையத்திலேயே ஒருமுறை அந்த லாஞ்சரை மாட்டிப் பாருங்கள். கருவியை இயக்கக் கப்பலின் சிபியு திறன் போதவில்லை என்பது உள்ளே போன பிறகு தெரிந்தால் பயனில்லை.

எடைக் கணக்கு

நல்ல அனுபவமுள்ள குழுக்களும் சறுக்கும் இடம் இது. மொத்தம் 200 கோடி கிலோ தாங்கும் ஒரு வாசலை எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்டில்ஷிப்பின் எடை சுமார் 10 கோடி கிலோ. எட்டுப் பேர் போய்விட்டு வந்தால் 160 கோடி, தாராளமாகத் தாங்கும். இப்போது அதே எட்டுப் பேரும் வேகத்தைக் கூட்டும் 500 எம்என் மைக்ரோவார்ப் டிரைவை அணைக்காமல் தாண்டுகிறார்கள் என்று வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவ் கப்பலின் எடையில் 5 கோடி கிலோவைக் கூட்டும். போகும்போதே 120 கோடி தீர்ந்துவிடும், மிச்சம் 80. திரும்பும்போது ஐந்து பேர் கடந்ததும் 75 போய்விடும். ஆறாவது ஆளையும் வாசல் விடும், வரம்பு மீறினாலும் கடைசிக் கப்பல் கடந்த பிறகுதான் மூடும். ஏழாவது ஆளும் எட்டாவது ஆளும் உள்ளேயே. அதற்கு மேல், சொல்லப்பட்ட எடையில் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால் 180 கோடியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நீங்கள் வருவதற்கு முன் அந்த வழியாக யார் போனார்கள் என்பதும் தெரியாது. அதனால் வாசலின் தகவல் சாளரத்தை ஒவ்வொரு முறையும் படியுங்கள். நிலைத்தன்மை குறைந்திருக்கிறது என்றால் பாதிக்கும் மேல் தீர்ந்துவிட்டது. ஆபத்தான அளவுக்குக் குலைந்திருக்கிறது என்றால் மிச்சம் 10 சதவீதத்துக்கும் கீழே. ஆயுளின் முடிவை நெருங்குகிறது என்றால் 4 மணி நேரத்துக்கும் குறைவு. அது எந்த நிமிடம் மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நிலையில் உள்ள வாசல் வழியாக ஒரு முழுக் குழுவை உள்ளே கூட்டிப் போகவே கூடாது என்பேன், வெளியே வர மட்டும் பயன்படுத்தலாம்.

தாண்டியதும் முதல் ஒரு நிமிடம்

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் 60 நொடி வரை கப்பல் யார் கண்ணுக்கும் தெரியாது. நகர்ந்தால் அந்த மறைப்பு கலைந்துவிடும். பலர் உடனே வார்ப் பண்ணி, அதாவது தொலைவில் வேறு இடத்துக்குப் பாய்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், முதல் வேலையாக வந்த வாசலை புக்மார்க் செய்யுங்கள். அதில் எந்தப் பக்கம் போகிறது, என்ன நிலையில் இருக்கிறது, நேரம் என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். இந்த ஒரு புக்மார்க் இல்லாததால் வாசல் திறந்திருக்கும்போதே வழி தெரியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. அப்புறம் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று காட்டும் டி-ஸ்கேன். பிறகு வாசலிலிருந்து 2,000 மீட்டர் விலகி, கப்பலை மறைக்கும் க்ளோக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அந்தத் தூரத்துக்குள் க்ளோக் வேலை செய்யாது.

எதிரி நின்றிருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம் என்பது சரிதான். ஆனால் ஒரே வாசலில் போய்த் திரும்பிய கப்பல் சுமார் 5 நிமிடம் மறுபடி அதே வாசலைத் தாண்ட முடியாது, இதைத்தான் போலரைசேஷன் என்கிறார்கள். துரத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீங்கள் வெளியே வந்ததும் பின்னாலேயே வருவார்கள். நீங்கள் உள்ளே ஓடிப் போகவும் முடியாது. ஆகவே சும்மா எட்டிப் பார்க்க ஒருமுறை, சொல்வதற்காகத் திரும்ப ஒருமுறை என்று தாண்டுதலைச் செலவழிக்காதீர்கள். வேவு பார்க்கப் போகிறவர் உள்ளேயே இருந்து குரல் வழியே சொல்லட்டும்.

யாரும் இல்லை என்ற எண்ணம்

வெளியே, சிஸ்டத்தில் இருப்பவர்களின் பெயரைக் காட்டும் லோக்கல் பட்டியலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஏமாற்றம்தான். பேசினால் ஒழிய யார் பெயரும் அதில் வராது. டி-ஸ்கேன் 14.3 ஏயு (ஒரு ஏயு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) வரை பார்க்கும், பெரிய சிஸ்டங்களில் அதற்கு அப்பாலும் இடம் இருக்கும். க்ளோக் போட்ட கப்பல் அதில் விழாது, ஆனால் கப்பல்களைத் தேடும் காம்பாட் ப்ரோப் விழும். அது தெரிந்த நொடியே யாரோ உங்களைத் தேடுகிறார்கள் என்று அர்த்தம். கையிலுள்ள கேனை, அதாவது பொருள் உள்ள பெட்டியைத் திறந்து முடிக்கலாம் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். ஸ்கேன் சாளரத்தை மூடாமல் ஓரமாக வைத்திருப்பதும் நல்லது. புதிதாக ஒரு சிக்னேச்சர், அதாவது ஸ்கேனில் தெரியும் தடம், முளைத்தால், அது கே162 என்ற வகை வாசலாக இருந்தால், மறுபக்கத்திலிருந்து யாரோ அந்த வாசலைத் திறந்திருக்கிறார்கள்.

பொக்கிஷம் தேடிப் போகும் சின்னக் கப்பல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபர்காட்டன், அன்செக்யூர்ட் என்று பெயர் தொடங்கும் ரெலிக், டேட்டா இடங்களில் கணினி இயக்கும் எதிரிகளான ஸ்லீப்பர்களின் காவல் உண்டு. ஹெரான், ஆஸ்டெரோ போன்ற சின்னக் கப்பல்களில் அங்கே போகக் கூடாது.

சண்டைக்குப் போகிறவர்கள் சிஸ்டத்தின் தன்மையைப் பார்க்காமல் ஃபிட் போடுவது, அதாவது கப்பலின் கருவிகளைத் தேர்ந்து பொருத்துவது, அடுத்த தவறு. எல்லா இடத்திலும் இல்லாவிட்டாலும் பல சிஸ்டங்களில் கப்பலின் திறனை மாற்றும் ஒரு விளைவு இருக்கும். பல்சார் வகைச் சிஸ்டத்தில் ஷீல்டு கூடும், ஆர்மர் எதிர்ப்பு குறையும். வுல்ஃப்-ராயேயில் இதற்கு நேர் எதிர். கேட்டக்ளிஸ்மிக் வேரியபிளில் சொந்த ரிப்பேர் பலவீனமாகி, அடுத்தவருக்குச் செய்யும் ரிப்பேர் வலுவாகும். சிஸ்டத்தின் வகுப்பு சி1-இலிருந்து சி6 போகப் போக இந்த விளைவும் அதிகமாகும். ஸ்லீப்பர்கள் கப்பலின் ஆற்றல் சேமிப்பான கெப்பாசிட்டரையும் உறிஞ்சுவார்கள், குறியை அடிக்கடி மாற்றுவார்கள். அதனால் ஒரே ஒரு கெட்டியான கப்பலை முன்னால் நிறுத்தி மற்றவர்கள் மெலிதாக வரும் திட்டம் இங்கே எடுபடாது.

குழு

குழுவில் ஒருவர் க்ளோக் போட்டுக்கொண்டு வாசலிலேயே இருக்க வேண்டும். சலிப்பான வேலை, சம்பாத்தியமும் இல்லை, அதனால்தான் யாரும் முன்வருவதில்லை. அவருக்கும் சம பங்கு என்று கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். ஓடு என்று சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் சொன்னால் விவாதம் கிடையாது. மற்றவர்களை ரிப்பேர் செய்யும் கார்டியன், பேசிலிஸ்க் போன்ற கப்பல்கள் ஒன்றுக்கொன்று கெப்பாசிட்டர் கொடுத்துக்கொண்டுதான் தாக்குப்பிடிக்கும், ஒற்றையாகக் கொண்டு போகாதீர்கள். கொள்ளையை முழுக்கச் சேர்த்துக் கடைசியில் ஒரே கப்பலில் ஏற்றுவதைவிட அவ்வப்போது வெளியே அனுப்பிவிடலாம்.

குண்டுகளைத் தேவைக்கு மேலேயே எடுத்துப் போங்கள். வார்ம்ஹோல் வெளியில் கணினி நடத்தும் என்பிசி நிலையம் உள்ள ஒரே சிஸ்டம் 2014-இல் சேர்ந்த தெராதான். விமானியின் தலையில் பொருத்தும் விலையுயர்ந்த இம்ப்ளான்ட்களோடு மட்டும் போக வேண்டாம். இங்கே எச்சரிக்கையே இல்லாமல் வார்ப்பைத் தடுக்கும் பபிள் போடுவார்கள், கப்பல் வெடித்த பின் விமானி இருக்கும் பாட் தப்புவது அரிது. எல்லா வழியும் அடைபட்டு, கையில் ப்ரோப்பும் இல்லையென்றால் மிஞ்சுவது பாட்டை நீங்களே அழித்துக்கொண்டு உங்கள் ஹோம் ஸ்டேஷனில் விழிப்பதுதான். மலிவான க்ளோனில், அதாவது விலையுயர்ந்த இம்ப்ளான்ட் இல்லாத உடலில் இருந்தால் அந்த முடிவை எடுக்கத் தயக்கம் இருக்காது.