பவர் போட்டதும் ஆப்-ஆம்ப் பூட்டிக்கொண்டால்

பவர் கொடுத்த உடனே ஆப்-ஆம்ப்பின் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) அவுட்புட் பிளஸ் ரெயிலில் (பிளஸ் சப்ளை வோல்ட்டேஜ் வரும் கம்பி) போய் ஒட்டிக்கொள்கிறது. சிக்னலை மாற்றினாலும் அசைவதில்லை. அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் இல்லை. பலரும் உடனே ஐசியைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்ப்பார்கள். அவசரப்பட வேண்டாம். பூட்டிக்கொண்ட நிலையில் இருக்கும்போதுதான் இது எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியும். வகை இரண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலில் கரன்டைப் பாருங்கள். கரன்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையில் போர்டை இணைத்து, லிமிட்டை 30 மில்லி ஆம்பியரில் வையுங்கள். டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் ஐசி ஒன்று, உள்ளே இருக்கும் இரண்டு ஆம்ப்புக்கும் சேர்த்து அதிகபட்சம் 5 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். எம்சிபி6002 என்ற இன்னொரு ஆப்-ஆம்ப் ஐசி எடுப்பது சுமார் 0.2 மில்லி ஆம்பியர். கரன்ட் இந்தக் கணக்குக்குள் இருந்து, ஐசியும் குளிர்ச்சியாக இருந்து, அவுட்புட் மட்டும் மேலே நின்றால் அது ஃபேஸ் ரிவர்சல், அதாவது இன்புட் தன் எல்லையைத் தாண்டியதால் அவுட்புட் தலைகீழாகப் போவது. சப்ளை லிமிட்டில் முட்டி, ரெயில் 1 அல்லது 2 வோல்ட்டுக்குச் சரிந்து, ஐசி சுடுகிறது என்றால் அது உண்மையான லாட்ச்-அப், அதாவது ஐசிக்குள்ளேயே சப்ளை ஷார்ட் ஆகிப் பூட்டிக்கொள்வது. சிக்னல் ஒயரைக் கழற்றினாலும் கரன்ட் இறங்காது, பவரை அணைத்தால்தான் விடும்.

ஒரு எச்சரிக்கை: போர்டில் 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இருந்தால், 30 மில்லி ஆம்பியரில் அது 15 வோல்ட்டுக்கு ஏற 50 மில்லி செகண்ட் ஆகும். ரெயில்கள் ஏறும் வரிசையே இதனால் மாறிவிடலாம். சோதனை மேசையில் வராத கோளாறு பெட்டிக்குள் வைத்ததும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் ரெயில்களை ஆசிலோஸ்கோப்பில் பார்க்கும்போது சர்க்யூட்டின் சொந்த சப்ளையிலேயே ஓட்டுங்கள். சேனல் 1-ல் பிளஸ் ரெயில், 2-ல் மைனஸ் ரெயில், டிசி கப்ளிங், சிங்கிள் ட்ரிகர், ஒரு கட்டத்துக்கு 5 மில்லி செகண்ட். மைனஸ் ரெயில் தாமதமாக வருகிறதா, அதைவிட முக்கியமாக, வருவதற்கு முன் பூஜ்யத்துக்கு மேலே ஏறுகிறதா என்று பாருங்கள்.

டிஎல்072-க்கு ±15 வோல்ட் கொடுக்கும் போர்டில் நடப்பது இதுதான். இதன் இன்புட், மைனஸ் ரெயிலை விட சுமார் 4 வோல்ட் மேலேயே இருக்க வேண்டும். மைனஸ் ரெயில் இன்னும் 0-ல் இருக்கும்போது, கிரவுண்டில் கிடக்கும் இன்புட் அந்த ரெயிலோடு ஒட்டியே இருக்கிறது. அவுட்புட் தலைகீழாகி மேலே போகிறது. சாதாரண ஆம்ப்ளிஃபையரில் மைனஸ் ரெயில் வந்ததும் விட்டுவிடும். ஸ்பீக்கரில் ஒரு ‘டப்’ சத்தத்தோடு முடிந்துவிடும். டிசி சர்வோ (அவுட்புட்டில் தேங்கும் டிசியைத் தானே திருத்தும் சர்க்யூட்), இன்டகிரேட்டர் (சிக்னலைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே போகும் சர்க்யூட்) மாதிரி சுற்றி வரும் லூப்பில் கதை வேறு. மேலே போன அவுட்புட் அடுத்த நிலை வழியாக அதே இன்புட்டை மைனஸ் 14 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்தால், நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகிவிடும். அப்படியே நின்றுவிடும்.

சரிசெய்ய, இன்புட்டை அந்த எல்லைக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டும். 10 கிலோ ஓம் சீரிஸ் ரெசிஸ்டருக்குப் பிறகு, இரண்டு 5.1 வோல்ட் ஜீனர் டயோடை எதிரெதிராக இணைத்து கிரவுண்டுக்குப் போட்டால் இன்புட் ±6 வோல்ட்டுக்குள் நிற்கும். இடம் இல்லையென்றால் டிஎல்072-க்குப் பதில் ஓபிஏ2134 போடலாம். பின் வரிசை அதே, ஃபேஸ் ரிவர்சல் கிடையாது. ஆனால் ஆம்ப்புக்கு 4 மில்லி ஆம்பியர் எடுக்கும். கூடவே ஒவ்வொரு ரெயிலுக்கும் ஒரு 1என்5819 டயோடு: பிளஸ் ரெயிலில் கேத்தோடு, கிரவுண்டில் ஆனோடு, மைனஸ் ரெயிலில் ஆனோடு, கிரவுண்டில் கேத்தோடு. தாமதமாக வரும் ரெயில் தவறான பக்கம் ஏறாது. 7815, 7915 (பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் ரெகுலேட்டர்) ஜோடி போட்டவர்களுக்கு இந்த டயோடுகள் கட்டாயம். மைனஸ் பக்கம் முந்திக்கொண்டு 7815-ன் அவுட்புட்டைக் கிரவுண்டுக்குக் கீழே இழுத்தால், அந்த ரெகுலேட்டரே கிளம்பாமல் நின்றுவிடும். அப்போது ஆப்-ஆம்ப் மீது பழி போடுவதில் பயன் இல்லை.

இனி உண்மையான லாட்ச்-அப். எம்சிபி6002 மாதிரி சிமாஸ் ஐசிக்குள் அடுத்தடுத்து இருக்கும் பி, என் அடுக்குகள் யாரும் கேட்காமலே ஒரு எஸ்சிஆர் (ஒருமுறை ஆன் ஆனால் கரன்ட் நிற்கும் வரை அணையாத ஸ்விட்ச்) ஆகிக் கிடக்கின்றன. ஏதாவது ஒரு பின் ரெயிலைத் தாண்டி, அதன் வழியே போதிய கரன்ட் உள்ளே போனால் அது ஆன் ஆகி, இரண்டு சப்ளை பின்களையும் ஷார்ட் செய்துவிடும். எம்சிபி6002 போர்டுக்கு 5 வோல்ட் வருவதற்கு முன்பே வெளியிலிருந்து 10 வோல்ட் சென்சார் சிக்னல் வருவது வழக்கமான உதாரணம். இதன் இன்புட் கரன்ட் எல்லை 2 மில்லி ஆம்பியர். 10 வோல்ட்டை 2 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 5 கிலோ ஓம். இரட்டிப்பாக 10 கிலோ ஓம் போடுங்கள். போர்டு அணைந்திருக்கும்போது அந்த ரெசிஸ்டரின் குறுக்கே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 9.4 வோல்ட் காட்டினால் 0.94 மில்லி ஆம்பியர் உள்ளே போகிறது, பாதுகாப்புதான்.

ஆனால் அந்த கரன்ட் எங்கே போகிறது? இன்புட் டயோடு வழியாக 5 வோல்ட் ரெயிலுக்கு. 1.8 வோல்ட்டிலேயே வேலை செய்யும் இந்த ஐசி, பவர் கொடுக்காமலே அரைகுறையாக உயிர் பெற்றுவிடும். ரெயிலிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் போட்டால் ரெயில் 1 வோல்ட்டுக்குக் கீழேயே நிற்கும். செலவு 5 மில்லி ஆம்பியர். கிளாம்ப் டயோடு (இன்புட்டை ரெயிலைத் தாண்டவிடாமல் பிடிக்கும் டயோடு) போடுவதானால் 1என்4148 வேண்டாம், அது ஐசிக்குள் இருக்கும் டயோடு கடத்தும் அதே 0.6 வோல்ட்டில்தான் கடத்தும். குறைந்த வோல்ட்டிலேயே கடத்தும் பிஏடி54எஸ் டயோடு முந்திக்கொள்ளும், ஆனால் சூட்டில் கசியும், மெகா ஓம் சோர்ஸுக்கு ஆகாது. சப்ளை பின்னிலிருந்து 2 மில்லி மீட்டருக்குள் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இருக்க வேண்டும்.

மாற்றியபின் ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சிக்னல் இணைப்பில் இருக்க, 50 தடவையாவது அணைத்துப் போடுங்கள். இடைவெளியை 0.1, 1, 10 செகண்ட் என்று மாற்றுங்கள். சட்டென்று அணைத்துப் போடும்போது இன்புட் கெபாசிட்டரில் சார்ஜ் மிச்சமிருக்கும், ரெயில் இறங்கியிருக்கும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். ஐசியை ஹேர் டிரையரால் சூடாக்கி இன்னொரு சுற்று பாருங்கள், சூட்டில் லாட்ச்-அப் எளிதாக வரும். ஒருமுறை லாட்ச் ஆகிச் சுட்ட ஐசி நன்றாக வேலை செய்வதுபோலத் தெரிந்தாலும், சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சாலிடர் செய்யுங்கள்.