வீட்டு ஃபைல் சர்வரை லினக்ஸுக்கு மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதிலிருந்து மதுரையில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் ஒரே காரியம்தான் நடக்கிறது. மாடி அறையில் ஃபைல் சர்வராக, அதாவது வீட்டார் எல்லாரும் ஃபைல்களைப் போட்டு எடுக்கும் பொதுக் கணினியாக, ஓடிக்கொண்டிருந்த பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது. தூக்கிப் போடவும் மனசு வராது. சரி, டெபியன், உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை ஏற்றி, விண்டோஸ் கணினிகளோடு ஃபோல்டர்களைப் பகிர உதவும் சாம்பாவை நிறுவி, பழையபடி பகிர்ந்துகொள்ளலாம் என்று இறங்குகிறார்கள். நல்ல முடிவுதான். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் தொடங்கிய சாம்பா இன்று நன்றாகப் பழுத்த மென்பொருள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறை மாற்றுகிறவர்களிடம் இருக்கிறது. நான் தாண்டி வந்த அதே குழிகளில் ஒவ்வொருவராக விழுவதைப் பார்க்கிறேன். பாஸ்வேர்டை மறப்பது, ஐபி முகவரி மாறிப்போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்.

பழைய டிஸ்க்கை அப்படியே செருகி ஓட்டுவது

விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். 'லினக்ஸ்தான் என்டிஎஃப்எஸ் படிக்குமே' என்பார்கள். படிக்கும். 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) எழுதவும் செய்கிற டிரைவர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் நாளைக்கு அந்த டிஸ்க்கில் கோளாறு வந்தால் விண்டோஸின் செக்டிஸ்க் போல முழுமையாகச் சரிசெய்யும் கருவி லினக்ஸ் பக்கம் கிடையாது. பெட்டியில் விண்டோஸே இல்லாதபோது எங்கே கொண்டுபோய்ச் செருகுவீர்கள்? ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கும் விண்டோஸ் வசதி) சேர்த்து வைத்த டிஸ்க்குகள் என்றால் நிலைமை இன்னும் மோசம், லினக்ஸ் அவற்றை நேரடியாகப் படிக்கவே படிக்காது.

ஆகவே திட்டம் போடும்போதே மொத்தத் தரவும் கொள்ளும் அளவுக்கு ஒரு காலி டிஸ்க்கை வாங்கிவிடுங்கள். அதில் லினக்ஸின் சொந்த முறையான இஎக்ஸ்டி4 அமைத்து எல்லாவற்றையும் நகல் எடுங்கள். பழைய டிஸ்க்கைக் கொஞ்ச நாள் தொடாமல் அலமாரியில் வையுங்கள். அதை அன்றைக்கே அழித்து இரண்டாவது டிஸ்க்காகப் போட்டுக்கொள்ளும் ஆசை எல்லாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

நீளமான தமிழ்ப் பெயர்கள்

ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை, அதனால் யாரும் சொல்லித் தருவதும் இல்லை. என்டிஎஃப்எஸ் ஒரு ஃபைல் பெயருக்கு 255 குறிகள் வரை அனுமதிக்கும். இஎக்ஸ்டி4-இன் கணக்கு 255 பைட். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் செலவாகும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'திருமணம்' என்ற ஒரு சொல்லே 24 பைட். 255-ஐ 3-ஆல் வகுத்தால், 85 குறிகளோடு பெயர் முடிந்தாக வேண்டும். நம்மூரில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இரண்டு பேரின் ஊர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவைக்கும் பழக்கம் உண்டே, அந்த ஃபைல்கள்தான் நகல் ஆகாமல் நிற்கும். விண்டோஸ் 'ஸ்கிப்' செய்யவா என்று கேட்கும், அவசரத்தில் ஆமாம் என்று தட்டிவிடுவோம். சர்வரை மாற்றும் முன்பே பெயர்களைச் சுருக்கிவிடுங்கள். நகல் முடிந்ததும் இரு பக்கமும் எத்தனை ஃபைல்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ரெய்டு

ரெய்டு (ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றதில் ஓடும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்துவைப்பது) பேக்கப் ஆகாது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எல்லாவற்றுக்கும் 777

அப்பா போட்ட ஃபைலை மகளால் திருத்த முடியவில்லை என்று புகார் வந்ததும் முழு ஃபோல்டருக்கும் 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் உரிமை, கொடுத்துவிடுவது. புகார் நின்றுவிடும். அதோடு விருந்தாளிகளுக்கும் ஷேரைத் திறந்துவைத்திருந்தால், விசேஷத்துக்கு வந்த உறவினரின் வைரஸ் பிடித்த லேப்டாப்பும் உங்கள் கணக்கு வழக்குகளில் எழுதலாம். செய்ய வேண்டியது: வீட்டாருக்கு ஒரு குரூப், ஃபோல்டருக்கு 2770 (உரிமையாளருக்கும் அந்தக் குரூப்புக்கும் மட்டும் உரிமை), சாம்பா அமைப்பில் ஃபோர்ஸ் குரூப் (யார் போட்டாலும் ஃபைல் அந்தக் குரூப்பிலேயே சேரும்), புதிய ஃபைல்களுக்கு 0660 (அவர்கள் மட்டும் படிக்கலாம், எழுதலாம்). சாம்பாவின் பாஸ்வேர்டு லினக்ஸ் பாஸ்வேர்டிலிருந்து தனி, அதை எஸ்எம்பிபாஸ்வேர்டு (smbpasswd) கட்டளையால் ஒவ்வொருவருக்கும் ஏற்ற வேண்டும்.

காலி ஃபோல்டரை பேக்கப் எடுப்பது

இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இதில் யாரும் சோம்பேறியாக இருப்பதில்லை. பேக்கப் வேண்டும் என்று நினைத்து, மெனக்கெட்டு அமைத்தவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

விண்டோஸில் டி டிரைவ் செத்தால் அந்த எழுத்தே காணாமல் போகும், வீடே கூச்சல் போடும். லினக்ஸில் டிஸ்க்கை ஒரு காலி ஃபோல்டரின் மேல் மவுண்ட் செய்கிறோம், அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் தெரியும்படி இணைக்கிறோம். டிஸ்க் வராவிட்டாலும் ஃபோல்டர் அங்கேயே இருக்கும், வெறுமையாக. சாம்பா அதையும் தாராளமாகப் பகிரும்.

முதலில், எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் டிஸ்க்கை எழுதுவார்கள். ஒருநாள் டிஸ்க் கிடைக்காமல் கணினி பாதி வழியில் எமர்ஜென்சி மோடில் நிற்கும். மானிட்டர் இல்லாத பெட்டி. மாடிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அந்தக் கடுப்பில் தேடினால் 'நோஃபெயில்' என்று ஒரு சொல் கிடைக்கும். அதைச் சேர்த்ததும் டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி எழுந்துவிடும். அப்புறம் இரவு 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில், ஃபைல்களை நகலெடுக்கும் ஓர் ஆர்சிங்க், அதோடு 'டெலீட்' என்ற தேர்வு: மூலத்தில் இல்லாததை பேக்கப்பிலும் அழி. நோஃபெயிலும் டெலீட்டும் தனித்தனியே சரிதான். சேர்ந்தால்தான் வினை.

செல்லூரில் வீட்டு மாடியிலேயே போட்டோ ஸ்டுடியோ நடத்தும் தம்பி ஒருவருக்கு நடந்தது இது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மதியத்துக்கு மேல் இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. சாயங்காலம் கரண்ட் வந்து சர்வர் எழுந்தது, டேட்டா டிஸ்க் எழவில்லை. எல்லாரும் மேலூரில் ஒரு வரவேற்புக்குப் படம் எடுக்கப் போயிருந்தார்கள். இரவு 2 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடியது. மூலம் காலி, ஆகவே பேக்கப்பையும் கர்ம சிரத்தையாகக் காலி செய்தது. விடிந்ததும் வரவேற்புப் படங்களை சர்வரில் ஏற்றினார்கள். அவை போய் விழுந்தது சிஸ்டம் இருக்கிற சின்ன எஸ்எஸ்டியில். அது நிரம்பிய பிறகுதான் யாருக்கோ சந்தேகம் வந்தது. "அண்ணே, ரெண்டு டிஸ்க்குலயும் ஒண்ணுமே இல்லண்ணே" என்று போன் வந்தபோது செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. செத்த டிஸ்க்கை மீட்பு வேலை செய்யும் ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். கொடுத்த பணத்துக்கு ஒரு நல்ல கேமரா வாங்கியிருக்கலாம், திரும்பி வந்ததோ பாதிப் படங்கள். ஆல்பம் கொடுக்காத கல்யாணங்களின் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டிய கொடுமை தனி.

தடுப்பதற்கு ஆகும் வேலை மிகக் கொஞ்சம், அதனால்தான் கோபம். மவுண்ட்பாயிண்ட் என்றே ஒரு கட்டளை உண்டு. ஸ்கிரிப்டின் முதல் வரியில் அதைப் போட்டு, மூலமும் பேக்கப்பும் உண்மையில் மவுண்ட் ஆகியிருந்தால் மட்டும் தொடரச் சொல்லுங்கள். ஆர்சிங்கில் 'மேக்ஸ்-டெலீட்' என்ற வரம்பு இருக்கிறது: இத்தனைக்கு மேல் அழிக்காதே. டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சாட்ட்ஆர்' (chattr) கட்டளையால் ஐ கொடியை, அதாவது மாற்றத் தடையை, போட்டுவிட்டால், டிஸ்க் இல்லாத நாளில் அதில் யாராலும் எழுத முடியாது. தவறு அங்கேயே கூச்சல் போடும். எஃப்எஸ்டேபில் எஸ்டிபி1 போன்ற வரிசைப் பெயரை எழுதாமல், டிஸ்க்குக்கே உரிய அடையாளமான யுயுஐடியை எழுதுங்கள், டிஸ்க்கின் வரிசை மாறினாலும் குழப்பம் வராது.

இவ்வளவும் செய்தாலும், ஒரே ஒரு நகலைத் தினமும் மேலெழுதிக்கொண்டே இருப்பதை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆர்சிங்கின் 'லிங்க்-டெஸ்ட்' தேர்வால் தேதிவாரியாக ஃபோல்டர்கள் வைக்கலாம். மாறாத ஃபைல்கள் ஹார்டு லிங்க்காகவே, அதாவது அதே ஃபைலுக்கு இன்னொரு பெயராகவே, நிற்கும், மாறியவற்றுக்கு மட்டும்தான் இடம் போகும். முடிந்தால் பேக்கப்பை வேறொரு சின்னப் பெட்டி வந்து இழுத்துக்கொள்ளட்டும். சர்வருக்கு அதில் எழுதும் உரிமையே வேண்டாம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அந்தப் பக்கம் எட்டாது.

எஸ்எம்பி1

பழைய ஸ்கேனரோ டிவியோ கேட்கிறது என்பதற்காக ஃபைல் பகிர்வின் இந்தப் பழைய முறையைத் திறந்துவிடாதீர்கள். 2017-இல் வானாக்ரை ரான்சம்வேர் பரவியது இந்த ஓட்டை வழியாகத்தான். சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து இதை மூடியே தருகிறது. ஸ்கேனருக்குப் பென் டிரைவ் போதும்.

கேபிளைப் பார்க்காமல் சாம்பாவைத் திட்டுவது

மாடிப்படி ஓரமாக ஆணியடித்துக் கொண்டுபோன கேபிளில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு ஜிகாபிட்டிலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடக்கூடும். நெட் வேலை செய்யும், அதனால் யாருக்கும் தெரியாது. 1 டிபி நகல் எடுக்க ஜிகாபிட்டில் இரண்டரை மணி நேரம் போதும், 100-இல் ஒரு முழு நாள் ஆகும். எத்டூல் கட்டளை வேகத்தைக் காட்டிவிடும். ரவுட்டரின் போர்ட்டே 100-தான் என்றால் தனியாக ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்குங்கள்.

இன்வெர்ட்டரை நம்புவது

பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் சர்வரிடம் சொல்லாது. யுஎஸ்பி போர்ட் உள்ள யுபிஎஸ் வாங்கி, யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் (NUT) மென்பொருளோடு இணைத்தால் பேட்டரி இறங்கும்போது பெட்டி தானாகவே ஒழுங்காக அணையும். டவுன்ஹால் ரோட்டில் விலை கேட்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மலிவான மாடல்கள் பலவற்றில் அந்த போர்ட் இருக்காது.