கியூபா - பெரு ஹோட்டல்ல நம்ம ஆளுங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புங்க

மயாமில கெண்டல் பக்கம் வந்து ஒன்பது வருஷமாச்சு. இங்க கியூபாக்காரங்களும் பெருக்காரங்களும் அக்கம்பக்கத்துலயே இருக்கறதால, ரெண்டு ஊர் சமையலையும் ஒரே மெனுல போடற ஹோட்டலுங்க சாதாரணம், ஆபீஸ்ல ஊர்லேர்ந்து புதுசா யாராவது வந்தா முதல் வாரமே நான்தான் கூட்டிட்டுப் போவேன். போன சனிக்கிழமை மூணு பசங்க வந்தாங்க. உக்காந்த அரை மணி நேரத்துல நான் அந்தக் காலத்துல பண்ண தப்பு ஒண்ணு விடாம பண்ணி முடிச்சாங்க, எனக்கு என்னையே எதிர்ல உக்கார வச்ச மாதிரி இருந்துச்சு. டேபிள் புக் பண்ணுங்க, பார்க்கிங் பாத்துக்கங்கன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஆர்டர் பண்றது

இதுதான் பெரிய தப்பு, இதைப் பாத்தா இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் வருது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பசங்க மெனுவப் பாத்ததும் செவிச்சே (லைம் சாறு பிழிஞ்ச பச்சை மீன்) ஒண்ணு, லோமோ சல்தாடோ (பெரு மாட்டுக்கறி வறுவல்) ஒண்ணு, ரோப்பா வியேஹா (கியூபா மாட்டுக்கறி) ஒண்ணு, மரவள்ளி ஒண்ணுன்னு கடகடன்னு சொல்லிட்டாங்க, நடுவுல வச்சு பங்கு போட்டுக்கலாம்னு. எல்லாம் ஒண்ணா வந்து இறங்குச்சு. அப்புறம் போட்டோ, அப்புறம் வீட்டு வாடகைக் கதை, சூடா இருக்கறத முதல்ல சாப்பிடுவோம்னு கறிய காலி பண்ணிட்டு செவிச்சே பக்கம் திரும்பறப்போ இருபத்தஞ்சு நிமிஷம் ஓடிப்போச்சு. ஒருத்தன் ஒரு துண்ட வாயில போட்டுட்டு, "அண்ணா, ரப்பர் மாதிரி இருக்கே, இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"ன்னு கேட்டான். தட்டப் பாத்தேன். வரும்போது மேல மட்டும் வெளுத்து உள்ள கண்ணாடி மாதிரி இருந்த மீன் இப்போ முழுக்க சுண்ணாம்பு வெள்ளை, வெங்காயம் துவண்டு கிடக்கு, அடியில சாறு நீத்துப்போய் நிக்குது. தப்பு மீன்ல இல்லடா, நம்ம கைலன்னு சொன்னேன்.

செவிச்சேல அடுப்பே கிடையாது. பச்சை மீன சதுரமா வெட்டி, உப்பு போட்டு பிசறி, மிளகாய், சிவப்பு வெங்காயம் சேத்து, லைம் சாறு பிழிஞ்சு கலக்கறாங்க, அவ்ளோதான். புளிப்பு பட்டதும் மீனோட புரதம் சூடு பட்ட மாதிரியே இறுகி வெளுக்கும், ஆனா அது நம்ம சொல்ற நேரத்துல நிக்காது, தட்டுல இருக்கற வரைக்கும் உள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். முன்னாடி பெருவுலயே மணிக்கணக்குல ஊற வச்சிருக்காங்க. 1899லேர்ந்து அங்க வந்து குடியேறின ஜப்பான்காரங்க மீனப் பதமா வெட்டி உடனே சாப்பிடற பழக்கத்தக் கொண்டுவந்தாங்க, அதுக்கப்புறம்தான் மெதுவா மணிக்கணக்கு நிமிஷக்கணக்காச்சு. லீமாவுல இது மதியச் சாப்பாடு, செவிச்சேக்குன்னே இருக்கற கடைங்க நிறைய சாயங்காலத்துக்குள்ள மூடிடும். 2023ல யுனெஸ்கோ தன்னோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல இத சேத்துது. இப்படி ஒரு பொருள அரை மணி நேரம் ஓரமா தள்ளி வச்சுட்டு நல்லால்லன்னு சொன்னா கோவம் வருமா வராதா?

கியூபா சமையல் இதுக்கு நேரெதிர். ரோப்பா வியேஹான்னா பழைய துணின்னு அர்த்தம், மாட்டுக்கறிய நல்லா வேக வச்சு நார்நாரா பிச்சு தக்காளி, குடமிளகாய், வெங்காயம் வதக்கினதுல போட்டு கொதிக்க விடறது. அது காத்திருக்கும், காத்திருந்தா இன்னும் நல்லாருக்கும். கறுப்பு பீன்ஸும் அப்படித்தான். ஒரே டேபிள்ல ஒண்ணு பத்து நிமிஷத்துல செத்துரும், இன்னொண்ணு மறுநாள் வரைக்கும் தாங்கும், ரெண்டையும் ஒரே மாதிரி நடத்தறதுதான் நம்ம தப்பு.

நம்ம ஏன் இப்படிப் பண்றோம்னா, நமக்கு மீனுன்னாலே நேத்து வச்ச மீன்குழம்பு. ராத்திரி முழுக்க புளியில ஊறினாதான் ருசி. நானும் அதே நினைப்புலதான் 2017ல மாட்டினேன். ஆகஸ்ட் மாசம், மனைவிக்குப் பொறந்தநாள், பாதி செவிச்சே மிஞ்சிப்போச்சு, பார்சல் கேட்டேன். வயசான சர்வர் அம்மா ஒருத்தங்க, "வேண்டாம் மி அமோர் (என் கண்ணே), இது இங்கயே சாப்பிடறது"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. காசு குடுத்து வாங்கினத விட்டுட்டுப் போறதாவதுன்னு நான் கேக்கல. டப்பாவ கார்ல வச்சுட்டு பீச்சுல ஒரு மணி நேரம் நடந்தோம், அந்த வெயிலு உங்களுக்குத் தெரியும், அப்புறம் ஃப்ரிட்ஜ், மறுநாள் மதியம் சாதத்துல போட்டு சாப்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச வாந்தி ரெண்டு நாள் நிக்கல. அர்ஜன்ட் கேர்ல டிரிப்ஸ் ஏத்தினாங்க, அந்த பில்லுக்கு அதே ஹோட்டல்ல ஒரு வருஷம் சாப்பிட்டிருக்கலாம். அதவிட என் பொண்ணு முதல் நாள் ஸ்கூலுக்குப் போனப்போ நான் படுக்கையில கிடந்தேன், அந்தக் காலைய எந்தக் காசு குடுத்தும் திருப்பி வாங்க முடியாது. ஹோட்டல் மேல ஒரு தப்பும் இல்ல.

புளிப்பு மீன வெளுக்க வைக்கும், கிருமியயும் புழுவயும் முழுசா கொல்லாது. அதனாலதான் பச்சையா பரிமாறப்போற மீன்ல பெரும்பாலானத முன்கூட்டியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ்ல 7 நாள், இல்லன்னா அதவிட கடுங்குளிர்ல கொஞ்ச நேரம் உறைய வைக்கணும்னு அமெரிக்காவுல விதியே இருக்கு, ஆனா அதுவும் புழுவுக்குத்தான், பாக்டீரியா அதுல சாகாது. கர்ப்பமா இருக்கறவங்க, நோய் எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கறவங்க தொடவே வேண்டாம்.

சரியான முறை என்னன்னா, செவிச்சே மட்டும் முதல்ல சொல்லுங்க, அது முடிஞ்சப்புறம் மத்தது கொண்டு வாங்கன்னு சர்வர்கிட்ட தெளிவா சொல்லிடுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க, சந்தோஷம்தான் படுவாங்க. வந்த உடனே ஸ்பூன எடுங்க. புளிப்பு ஏறினா பக்கத்துல இருக்கற சர்க்கரைவள்ளி ஒரு துண்டு, அப்புறம் பெரிய பெரிய முத்தா இருக்கற வெள்ளை சோளம், மறுபடி மீன். அடியில நிக்கற சாற விடாதீங்க, அதுக்குப் பேரே புலிப்பால், லெச்சே தெ திக்ரே. ஐயப்பன் கதை கேட்டு வளந்த எனக்கு அந்தப் பேர் கேட்ட அன்னிக்கே ஒட்டிக்கிச்சு.

சில இடத்துல வாழைக்காய தட்டி ரெண்டு தடவை பொரிச்சு அது மேல செவிச்சே வச்சுத் தருவாங்க, கியூபாவும் பெருவும் ஒரே வாயில. அதுக்கு பத்து நிமிஷம் கூட கிடையாது, நமத்துரும்.

'எங்களுக்குக் காரம் பழக்கம்'னு சொல்றது

கியூபா சமையல்ல காரமே கிடையாது, பூண்டும் சீரகமும் புளிப்பு ஆரஞ்சும்தான், அதுல காரம் தேடி ஏமாறாதீங்க. மரவள்ளிய வேக வச்சு மேல பூண்டு சாறு ஊத்தித் தருவாங்க, அத அப்படியே சாப்பிட்டுப் பாருங்க. காரம் பெரு பக்கம். மஞ்சள் மிளகாய் மணமா இருக்கும், மிதமா இருக்கும், ஆனா ரொகோட்டோன்னு ஒண்ணு குட்டி குடமிளகாய் மாதிரியே சிவப்பா உருண்டையா இருக்கும், வெட்டினா விதை கறுப்பா இருக்கும், அத குடமிளகாய்னு நினைச்சு கடிச்சவனுக்கு அன்னிக்கு வேற எந்த ருசியும் தெரியாது.

'வெஜிடேரியன்'னு மட்டும் சொல்லிட்டு நம்பறது

கறுப்பு பீன்ஸும் சோறும் தானேன்னு சைவக்காரங்க ஆர்டர் பண்ணிடறாங்க. பாட்டி கைப்பக்குவத்துல செய்யற சமையல்காரங்க அதுல பன்னிக்கொழுப்போ ஹாம் துண்டோ போடறது சகஜம், சோறு கோழி வேக வச்ச தண்ணில வெந்திருக்கலாம். கார்னேன்னா கறின்னு நம்ம புரிஞ்சுக்கறோம், ஆனா பேச்சுல நிறைய பேருக்கு அது மாட்டுக்கறி மட்டும்தான், கார்னே வேண்டாம்னு சொன்னா ஹாம் வந்து நிக்கும், அவங்க உங்கள ஏமாத்தல. பன்னிக்கொழுப்பு இருக்கா, ஹாம் இருக்கா, கோழித் தண்ணியான்னு மூணையும் தனித்தனியா கேளுங்க. மாடு சாப்பிடாதவங்களுக்கும் ஒண்ணு, லோமோ, ரோப்பா வியேஹா, வாக்கா ஃப்ரீத்தா, பிகாடியோ எல்லாமே மாடு, ஆன்ட்டிகூச்சோங்கறது பெரும்பாலும் மாட்டோட இதயம். பேர வச்சுக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் ஆகணும்.

லோமோ சல்தாடோல சோறும் ஃப்ரைஸும் எதுக்குன்னு ஒண்ண எடுக்கச் சொல்றது

எடுக்காதீங்க. 1849லேர்ந்து பெருவுக்கு கூலிவேலைக்கு வந்த சீனாக்காரங்களோட கடாயும் சோயா சாஸும் சோறும் பெருவோட உருளைக்கிழங்கோட சேந்ததுதான் அந்தத் தட்டே, அந்த சாஸ் ஃப்ரைஸ்ல ஊறணும். கியூபாவுக்கும் 1847லேர்ந்து அதே மாதிரி சீனாக்காரங்க வந்தாங்க, அதனால ரெண்டு ஊர்லயும் சீன ஃப்ரைடு ரைஸ் உண்டு, ஒண்ணு சௌஃபா, ஒண்ணு அர்ரோஸ் ஃப்ரீத்தோ. ரெண்டும் மெனுல இருந்தா ரெண்டையும் வாங்கி பக்கத்துல வச்சுப் பாருங்க.

பில்லப் பாக்காம டிப்ஸ் போடறது

மயாமில பல இடத்துல சர்வீஸ் சார்ஜ் ஏற்கனவே ஏத்திருப்பாங்க. படிங்க.

கொலாடாவ ஒரே ஆளு குடிக்கறது

கொலாடான்னா கியூபா காபி. பெரிய கப் ஒண்ணு, கூடவே விரல் உயர பிளாஸ்டிக் கப்புங்க அடுக்கா வரும். முதல் சொட்டு காபிய சர்க்கரையோட அடிச்சு நுரையாக்கி மேல விட்ட கெட்டி காபி அது, நாலஞ்சு பேர் பங்கு போட்டுக்கறதுக்கு. அந்தப் பசங்கள்ல ஒருத்தன் நான் பில் பாத்துட்டிருந்த நேரத்துல முழுசா குடிச்சுட்டான், ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கம் வரலண்ணான்னு மெசேஜ்.

வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மூணு பேரையும் மறுபடி வரச் சொல்லிருக்கேன், முதல்ல செவிச்சே மட்டும், போன் எல்லாம் பாக்கெட்லயே இருக்கணும்னு சொல்லிட்டேன்.